அதிர்வு எங்கிருந்து வருகிறது? – மோட்டார் சைக்கிள் கேள்வி பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பலவும் ஒரே முறைப்பாடு: "வண்டி அதிருது." கேட்டவர் ஒவ்வொருவருக்கும் காரணம் வேறு என்பதால் அவற்றைச் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என்னுடையது ஆறு வருடம் ஓடிய 150 சிசி வண்டி. மணிக்கு 55 கிலோமீற்றரைத் தாண்டியதும் ஹேண்டிலும் டாங்கும் அதிர்ந்து கை விறைக்கிறது. கராஜில் "எஞ்சினைக் கழற்றித்தான் பார்க்க வேணும்" என்கிறார்கள். கழற்றக் கொடுக்கலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். அதிர்வு எதோடு சேர்ந்து கூடுகிறது என்று தெரியாமல் எஞ்சினில் ஸ்பானர் வைப்பது, காய்ச்சல் பார்க்காமல் ஊசி போடுவது மாதிரி. எஞ்சினின் சுற்றோடு கூடுகிறதா, சில்லின் சுற்றோடு கூடுகிறதா, இழுவை விழும்போது மட்டும் வருகிறதா? இந்த மூன்றையும் பிரித்தறிய அரை மணித்தியாலம் போதும்.

முதலில் டயர் காற்றைச் சரிபார்த்து, ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் பேஸ்லைன் வீதி போல நேரான, ஆளில்லாத வீதிக்குப் போங்கள். அதிர்வு நன்றாகத் தெரியும் வேகத்துக்கு வந்ததும் அக்சிலரேட்டரை விட்டு கிளட்சை முழுதாகப் பிடியுங்கள். எஞ்சின் சுற்று ஐட்லுக்கு (அக்சிலரேட்டர் கொடுக்காதபோது ஓடும் அடிச்சுற்று) இறங்கும், வண்டி அதே வேகத்தில் உருளும். அப்போதும் அதிர்வு இருந்தால் குற்றம் சில்லு, டயர், பெயாரிங் பக்கம். உடனே நின்றுவிட்டால் எஞ்சின் அல்லது செயின் பக்கம்.

அடுத்து, வண்டியை நடு ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் சுற்றை மெதுவாக ஏற்றுங்கள். ஓடும்போது அதிர்ந்த அதே சுற்றில் நின்றபடியும் அதிர்ந்தால் எஞ்சின், அதைப் பிடித்திருக்கும் போல்டுகள், சைலன்சர், அல்லது அவற்றோடு சேர்ந்து ஆடும் ஏதாவது ஒரு துண்டு. நின்றபடி ஒன்றுமில்லை, கிளட்ச் பிடித்தாலும் ஒன்றுமில்லை, இழுக்கும்போது மட்டும் வருகிறது என்றால் செயின், அது ஓடும் பற்சில்லான ஸ்ப்ரோக்கெட், பின் ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் ஆகிய மூன்றையும் பாருங்கள். இந்தச் சோதனையை மூடிய கராஜுக்குள் செய்ய வேண்டாம். புகை வெளியே போக வழி வேண்டும்.

கை விரலும் ஓரளவு சொல்லும். 100/90-17 டயரின் சுற்றளவு ஏறக்குறைய 1.9 மீற்றர். 60 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு ஒன்பது தடவைக்குச் சற்றுக் குறைவாகத்தான் சுற்றும். எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்றில் இருந்தால் செக்கனுக்கு 83 தடவை. ஆகவே சில்லுக் குற்றம் "தொம் தொம்" என்று எண்ணக்கூடிய ஆட்டமாக வரும், எஞ்சினுடையது வண்டு ரீங்காரம் போல விரலுக்குள் ஏறும். கை விறைக்கிறது என்று எழுதியிருப்பதால் உங்களுடையது இரண்டாவது வகையாகவே படுகிறது.

ஒற்றைச் சிலிண்டரில் கொஞ்சம் அதிர்வு பிறவிக் குணம். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் பாரத்தை, அந்த ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் க்ராங்க் தண்டின் எதிர்ப்பாரத்தால் முழுதாக ஈடு செய்தால், அதே உதறல் முன்னும் பின்னுமாகத் திரும்பிவிடும். அதனால் ஏறக்குறையப் பாதிக்கு மட்டும் ஈடு கொடுத்து மிச்சத்தை விட்டுவிடுகிறார்கள். அந்த மிச்ச விசை சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 4000இல் இருந்ததைப் போல 6000இல் இரண்டேகால் மடங்கு. புதிதாக வாங்கியபோது இல்லாதது இப்போது வந்திருக்கிறது என்றால், பிறவிக் குணத்தை அடக்கி வைத்திருந்த ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. பெரும்பாலும் அது எஞ்சினைச் சட்டத்தோடு பூட்டும் போல்டு.

டோர்ச் ஒன்றை எடுத்து, எஞ்சினின் முன்பக்கம், அடிப்பக்கம், பின்பக்கம், ஹெட்டுக்கு மேலுள்ள சிறு தகடு ஆகிய இடங்களில் போல்டுத் தலையைச் சுற்றிப் பாருங்கள். வொஷரின் ஓரத்தில் மிளகாய்த்தூள் போலச் சிவந்த மாப்பொடி ஒட்டியிருந்தால், அந்தப் பூட்டுக்குள் இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் பட்ட இடத்தில் அது செம்பழுப்புக் களியாக இருக்கும். கடல் காற்றால் வரும் துரு வேறு, அது செதில் செதிலாகக் கழரும், போல்டு முழுக்கப் பரவியிருக்கும். மாப்பொடி பூட்டின் விளிம்பில் மட்டும் வளையமாக நிற்கும். அந்தப் போல்டைக் கழற்றினால் தண்டில் பளபளவென்று தேய்ந்த படி ஒன்று விரலுக்குத் தட்டுப்படும். அதைத் திரும்பப் பூட்டக்கூடாது, புதுப் போல்டு போட வேண்டும். பூட்டும் தகட்டின் துளை நீள்வட்டமாகியிருந்தாலோ மூலையில் மயிர்க்கீறல் இருந்தாலோ தகட்டையும் மாற்றுங்கள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது பழைய போல்டைக் கையோடு கொண்டுபோய் நீளத்தையும் புரியையும் ஒப்பிடுங்கள். புரி அரை அங்குலம் குறைந்தாலும் பிடிமானம் போய்விடும்.

இறுக்குவதற்கும் முறை உண்டு. தளர்ந்த ஒன்றை மட்டும் முறுக்கினால் எஞ்சின் சாய்ந்தபடியே பூட்டுப்பட்டு, சட்டத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு இன்னும் மோசமாக அதிரும். எஞ்சினுக்கு அடியில் ஒரு பலகையும் ஜக்கும் கொடுத்துப் பாரத்தைத் தாங்கிக்கொண்டு, எல்லாப் போல்டுகளையும் ஒன்றிரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். வண்டியை மெதுவாக உலுக்கினால் எஞ்சின் தன் இடத்தில் அமரும். எல்லாவற்றையும் கையால் முட்டும் வரை பூட்டி, பிறகு டோர்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 8 மில்லிமீற்றர் போல்டுக்கு 20 முதல் 25, 10 மில்லிமீற்றருக்கு 40 முதல் 50 நியூட்டன் மீற்றர் என்பது பொதுவான அளவு. உங்கள் வண்டியின் சேவைக் கைநூலில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. சைலன்சரையும் இதே போலத் தளர்த்திவிட்டு, முதலில் எஞ்சின் வாயிலுள்ள நட்டுகள், கடைசியில் பின் தொங்கு போல்டு என்ற ஒழுங்கில் இறுக்குங்கள். மாறிச் செய்தால் குழாய் வில்லாக வளைந்து நின்று அதிர்வைச் சட்டத்துக்குக் கடத்தும்.

வண்டி விழுந்தால் காக்கும் கம்பியான கிராஷ் பார் பூட்டியிருக்கிறீர்களா? பல கிராஷ் பார்கள் எஞ்சினின் முன் போல்டிலேயே மாட்டப்படுகின்றன. போல்டு நீளம் போதாமலோ, இடையில் தகடு சேர்ந்ததால் இறுக்கம் குறைந்தோ அதிர்வு தொடங்கும். கம்பியே இசைக்கவை போல ஒலித்து அதிர்வதும் உண்டு. அதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் ஓடிப் பாருங்கள். அதோடு, நடு ஸ்டாண்டில் ஒருவர் அதிரும் சுற்றிலேயே பிடித்திருக்க, மற்றவர் சூடான சைலன்சரைத் தவிர்த்து, டாங்க், நம்பர் தகடு, கண்ணாடித் தண்டு, மட்கார்ட் என்று ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்தட்டும். எதை அழுத்தும்போது சத்தம் அடங்குகிறதோ அதற்கு ரப்பர் வொஷர் போட்டால் போதும்.

இவ்வளவும் சரி, நின்றபடியும் அதிர்கிறது, எஞ்சினுக்குள் இடிக்கும் சத்தமும் கேட்கிறது என்றால் அப்போது கழற்றலாம்.

கேள்வி: ஓடும்போது "கர்ர்… கர்ர்…" என்று விட்டு விட்டு ஒரு உதறல் காலுக்கு வந்தது. செயின் லூஸ் என்று இறுக்கித் தந்தார்கள். இறுக்கிய பிறகு இன்னும் கூடிவிட்டது. ஏன்?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரித் தேயாது. கடற்கரைப் பக்கத்தில் நிறுத்தும் வண்டிகளில் உப்புக்காற்றுப் பட்டுச் சில கண்ணிகள் இறுகிப்போகும், சில நீண்டுவிடும். நீண்ட இடத்தில் பார்த்து இறுக்கினால், இறுகிய இடம் சுற்றி வரும்போது செயின் கம்பி போல விறைத்து, கியர்ப்பெட்டியின் தண்டையும் பின் பெயாரிங்கையும் இழுக்கும். உங்களுக்கு விட்டு விட்டு வருவது அதனால்தான்.

நடு ஸ்டாண்டில் போட்டு, பின் சில்லைச் சுற்றிச் சுற்றி ஐந்தாறு இடங்களில் கீழ்ச்செயினின் நடுவை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். மிக இறுக்கமான இடத்தில் 25 முதல் 35 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்க வேண்டும். சிறிய வண்டிகள் பலவற்றுக்கு இது பொருந்தும், சரியான அளவு செயின் மூடியிலோ, பின் சில்லைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஸ்டிக்கரில் இருக்கும். இறுக்கமான இடத்துக்கும் தளர்ந்த இடத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் சரிசெய்து பயனில்லை. 428 இலக்கச் செயினில் ஒரு கண்ணி 12.7 மில்லிமீற்றர். 21 ஊசிகளை எண்ணி, முதல் ஊசியின் நடுவிலிருந்து கடைசி ஊசியின் நடு வரை அளந்தால் புதிதில் 254 மில்லிமீற்றர். அது 259ஐத் தொட்டால் செயின் முடிந்தது. மாற்றும்போது முன், பின் ஸ்ப்ரோக்கெட்டுகளையும் சேர்த்தே மாற்றுங்கள். கொக்கி போல வளைந்த பழைய பல்லில் புதுச் செயினை ஓட்டுவது காசைக் கரைப்பது.

மாற்றுகிற அன்றே பின் சில்லைக் கழற்றி ஹப்புக்குள் உள்ள ரப்பர் துண்டுகளையும் பார்த்துவிடுங்கள். ஸ்ப்ரோக்கெட்டைப் பிடித்துத் திருப்பினால் "லொடக்" என்று ஆடினால் ரப்பர் நசிந்துவிட்டது. விலை சிறியது, வித்தியாசம் பெரியது. சில்லைப் பூட்டும்போது ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல், ஸ்விங் ஆர்மின் அச்சு நடுவிலிருந்து பின் அச்சின் நடு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து சமப்படுத்துங்கள். செயினின் இணைப்புக் கண்ணியில் உள்ள பூட்டுக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு 500 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காய்ந்தபின் 90 கியர் ஒயில் விடுங்கள். நல்ல மழையில் நனைந்தால் அன்றிரவே.

கேள்வி: கனெக்டிங் ரொட் (பிஸ்டனை க்ராங்கோடு இணைக்கும் தண்டு) கிட் போட்டு, சிலிண்டரைக் குடைந்து போர் அடித்து, 0.50 மில்லிமீற்றர் பெரிய பிஸ்டன் ஏற்றினேன். சத்தம் போய்விட்டது, ஆனால் முன்பு இல்லாத அதிர்வு வந்திருக்கிறது. "ஓட ஓடச் சரியாகும்" என்கிறார் கராஜ் பாஸ். சரியாகுமா?
– வாசகர், மருதானை

பதில்: இது ஓடிச் சரியாகும் விசயமல்ல. சிறிய வண்டிகளின் க்ராங்க் இரண்டு தட்டுகளையும் நடுவில் ஒரு ஊசியையும் அழுத்திச் சேர்த்தது. ரொட் கிட் மாற்றும்போது அதைப் பிரித்து மறுபடி அழுத்துவார்கள். அழுத்தியதும் வேலை முடிந்ததென்று கட்டிக் கொடுத்தால் தட்டுகளின் இரு பக்கத் தண்டுகளும் ஒரே கோட்டில் நிற்காது. லேத்தின் இரண்டு முனைகளுக்கு இடையிலோ வீ வடிவக் கட்டைகளிலோ வைத்து, நுண்ணிய ஆட்டத்தை ஊசியால் காட்டும் டயல் கேஜ் பார்த்து, செம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி நேராக்க வேண்டும். கேஜ் ஊசியின் ஆட்டம் 0.03 மில்லிமீற்றருக்குள் வந்தால் நல்ல வேலை. அந்த அளவு வரும் வரை விடாமல் தட்டுகிற லேத்காரரிடம்தான் க்ராங்கைக் கொடுக்க வேண்டும்.

எஞ்சினைப் பிரிக்காமலே ஓரளவு பார்க்கலாம். பிளக்கைக் கழற்றி, மெக்னட் பக்க மூடியைத் திறந்து, க்ராங்க் முனையில் டயல் கேஜ் வைத்து கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஊசி 0.10ஐத் தாண்டி ஆடினால் பாஸிடம் மறுபேச்சுக்கு இடமில்லை.

இரண்டாவது, பிஸ்டனின் எடை. பழையதையும் புதியதையும் ஊசி, ரிங்கோடு சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 56 மில்லிமீற்றர் உள்ள எஞ்சினில் 10 கிராம் கூடினால், 6000 சுற்றில் ஏறக்குறைய 11 கிலோ பாரத்துக்குச் சமமான விசை ஒவ்வொரு சுற்றிலும் மேலும் கீழும் அடிக்கும். சில கிராம் வித்தியாசத்தைப் பொறுக்கலாம், பத்துப் பதினைந்து என்றால் வேறு பிஸ்டன் தேடுங்கள். உங்கள் எஞ்சினில் பலன்சர் தண்டு இருந்தால் முதலில் கேட்க வேண்டியது வேறு: அதன் பல்லில் உள்ள புள்ளியும் க்ராங்க் பல்லின் புள்ளியும் நேருக்கு நேர் வைத்துப் பூட்டினார்களா? ஒரு பல் தள்ளினாலும் அதிர்வைக் குறைக்க வைத்த தண்டே அதைக் கூட்டும்.

கேள்வி: என் ஸ்கூட்டர் சிக்னலில் இருந்து புறப்படும்போது உடம்பே குலுங்க நடுங்குகிறது. 25ஐத் தாண்டினால் ஒன்றுமில்லை.
– வாசகி, தெஹிவளை

பதில்: கிளட்ச். நெரிசலில் அரை அக்சிலரேட்டரில் ஊர்ந்து ஊர்ந்து போனால் கிளட்ச் கட்டைகள் கண்ணாடி போலப் பளபளப்பாகி, பிடித்தும் விட்டும் உதறும். இடப்பக்க மூடியைத் திறந்து, கட்டைகளை 120 இலக்க மட்டத்தாளால் பளபளப்புப் போகும் வரை மட்டும் தேய்த்து, கிளட்ச் கிண்ணத்தின் உட்பக்கத்தை பிரேக் கிளீனரால் துடைக்க வேண்டும். உள்ளே இருக்கும் தூசியை வாயாலோ கொம்ப்ரஸராலோ ஊத வேண்டாம், ஈரத்துணியால் எடுங்கள். கட்டையில் எண்ணெய்ப் பசை இருந்தால் பெல்ட் சுற்றும் பின் கப்பியின் சீல் ஒழுகுகிறது. அதை மாற்றாமல் தேய்த்தால் இரண்டு கிழமையில் நடுக்கம் திரும்பும். கிண்ணம் நீலம் பூத்திருந்தால் அதிகம் சூடாகியிருக்கிறது, அதையும் மாற்றச் சொல்லுங்கள்.

திறந்த கையோடு பெல்ட்டை வளைத்து வெடிப்புப் பாருங்கள், முன் கப்பிக்குள் உள்ள ரோலர்களில் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் முழு செட்டையும் மாற்றுங்கள். இனி, புறப்படும்போது அல்லாமல் சிக்னலில் நிற்கும்போதே நடுங்கினால் கிளட்ச் அல்ல. 110 சிசி ஸ்கூட்டர்கள் பலவற்றில் ஐட்ல் 1600 முதல் 1800 வரை இருக்க வேண்டும். பெற்றோல் மிச்சம் பிடிக்க அதைக் குறைத்து வைப்பவர்கள் பலர். ஐட்ல் சரியாக இருந்தும் நடுங்கினால் எஞ்சினைத் தொங்கவிடும் ரப்பர் புஷ்ஷைப் பாருங்கள்.

கேள்வி: உணவு விநியோகத்தில் ஒரு நாளைக்குப் பத்து மணித்தியாலம் ஓடுகிறேன். இரவில் விரல் நுனி மரத்துப்போகிறது. ஹேண்டிலில் பூட்டியிருந்த போனின் கேமராவும் படத்தைத் தெளிவாகப் பிடிக்காமல் ஆடுகிறது. இரண்டுக்கும் சம்பந்தமுண்டா?
– வாசகர், பொரளை

பதில்: உண்டு. போன்களின் கேமராவுக்குள் ஆட்டத்தை ஈடுசெய்ய லென்ஸைக் காந்தத்தால் மிதக்கவிடும் அமைப்பு இருக்கிறது. பெரிய மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில் வழியாக நேரே ஏறினால் ஐபோன் கேமரா பழுதாகலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டெம்பரில் அறிவித்தது. சிறிய எஞ்சின், ஸ்கூட்டர் என்றாலும் அதிர்வு உறிஞ்சும் தாங்கியில் பூட்டும்படி அதே அறிவிப்பு சொல்கிறது. வழிகாட்டியைக் காதில் கேட்டுக்கொண்டு போனைச் சட்டைப் பையில் வைப்பது இன்னும் நல்லது.

கையை அலட்சியம் செய்யாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002/44 இலக்கப் பணிப்புரை, எட்டு மணித்தியால வேலைநாளுக்குக் கையில் ஏறும் அதிர்வு 2.5 மீற்றர்/செக்கன் வர்க்கத்தைத் தாண்டினால் தொழில்கொள்வோர் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும், 5ஐத் தாண்டவே கூடாது என்றும் வரையறுக்கிறது. குளிரில் விரல் வெளுத்தாலோ, காலையில் எழுந்தும் மரத்திருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

வண்டியில் செய்யக்கூடியது: ஹேண்டிலின் இரண்டு முனையிலும் கம்பனி வைத்த இரும்புக் குண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு முறை விழுந்த பிறகு அதைக் கழற்றிவிட்டு அழகுக்கு அலுமினியத் துண்டு பூட்டிய வண்டிகள் கொழும்பில் நிறைய. அந்தப் பாரம்தான் ஹேண்டில் ஒலிக்கும் சுற்றை நீங்கள் ஓடும் வேகத்திலிருந்து தள்ளி வைத்திருந்தது. பழைய இரும்பையே திரும்பப் போடுங்கள். கைப்பிடி ரப்பர் கல்லாகியிருந்தால் மாற்றுங்கள். கடும் நுரைப்பிடி போட்டால் கைப்பிடி தடித்து, இறுக்கிப் பிடிக்க வேண்டி வந்து விரல் இன்னும் களைக்கும். 30 கிலோமீற்றரில் ஐந்தாம் கியரில் திணறவிட்டு ஓடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். மூன்றாம் கியரில் எஞ்சினும் செயினும் அமைதியாக இருக்கும்.

கேள்வி: முன் ஸ்ப்ரோக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் அதிர்வு குறையுமாமே?
– வாசகர், வத்தளை

பதில்: குறையும். 14ஐ 15 ஆக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் சுற்று ஏறக்குறைய 7 வீதம் இறங்கும். கிழமைக்கு ஒரு தடவை புத்தளம் வீதியில் நீண்ட ஓட்டம் போகிறவருக்கு அது நல்ல மாற்றம். பேலியகொடைச் சந்தியில் தினமும் ஊர்கிறவருக்கு அல்ல, முதல் கியரில் கிளட்சை இழுத்து இழுத்தே எரித்துவிடுவீர்கள். வேகமானி கியர்ப்பெட்டியிலிருந்து கணக்கெடுக்கும் வண்டியென்றால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகவும் காட்டும்.

கேள்வி: புதிய முன் டயர் போட்ட நாளிலிருந்து 60–70இல் ஹேண்டில் ஆடுகிறது. கிளட்ச் பிடித்தாலும் நிற்கவில்லை.
– வாசகர், களனி

பதில்: டயரின் ஓரத்தில், ரிம்முக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய கோடு சுற்றி ஓடும். அது ரிம்மிலிருந்து எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் தெரிய வேண்டும். ஓரிடத்தில் உள்ளே மறைந்திருந்தால் டயர் சரியாக அமரவில்லை. காற்றை இறக்கி, விளிம்பில் சவர்க்கார நீர் பூசி, மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். அதன் பிறகும் ஆடினால், கம்பித் துண்டு ஒன்றை ஃபோர்க்கில் கட்டி நுனியை ரிம்மை ஒட்டிப் பிடித்து சில்லைச் சுற்றுங்கள், 2 மில்லிமீற்றருக்கு மேல் ஆடினால் ரிம் வளைந்திருக்கிறது. ரிம் நேர் என்றால் பலன்ஸ் செய்ய வேண்டும். டயரில் மஞ்சள் புள்ளி இருந்தால் அது வால்வுக்கு நேரே வந்திருக்கிறதா என்றும், ஓரத்தில் உள்ள நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்தது. "புதுசு" என்று விற்றதெல்லாம் புதிதல்ல.

கேள்வி: பிரேக் பிடிக்கும்போது மட்டும் லீவர் விரலில் துடிக்கிறது.
– வாசகர், கொலன்னாவை

பதில்: டிஸ்க் நெளிந்திருக்கிறது. டயல் கேஜில் 0.30 மில்லிமீற்றரைத் தாண்டினால் மாற்றுங்கள். சுத்தியலால் தட்டி நேராக்கித் தருவதாகச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.